சர்வர் அறைக்கு ஆளும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளிலும் அரசு அலுவலகங்களிலும் தரவுப் பகுப்பாய்வு மையங்கள் திறக்கப்படும் செய்திகளைத் தங்கள் நாளிதழில் அடிக்கடி படிக்கிறேன். குத்துவிளக்கும், ரிப்பன் வெட்டும் விருந்தினரும், கண்ணாடிக் கதவுக்குப் பின்னே பச்சை விளக்குகள் மின்னும் ரேக்கும் படத்தில் தவறாமல் இருக்கின்றன. அந்த ரேக்கில் உள்ள கணினிகளை நான்காம் ஆண்டில் யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள், அதற்கான பணம் எந்தத் தலைப்பில் வரும் என்ற விவரத்தை இதுவரை ஒரு செய்தியிலும் நான் காணவில்லை. பொறியியல் கல்லூரி ஒன்றில் 2016-இல் எட்டுக் கணினிகள் கொண்ட கிளஸ்டரை நிறுவி, 2024 மே மாதம் ஓய்வு பெறும் வரை அதைப் பராமரித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இத்தகைய மையங்களுக்கு ஒப்பந்தப்புள்ளி தயாரிக்கும் பொறுப்பில் இருப்போர் கண்ணில் இக்கடிதம் பட்டால் மகிழ்வேன்.

ஒரு கணினியால் தாங்க முடியாத அளவுத் தரவைப் பல கணினிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, அவை அனைத்தையும் சேர்த்து ஒரே கணினி போல வேலை வாங்குவதைத்தான் கிளஸ்டர் என்கிறார்கள். இது புதிய யோசனை அன்று. 1994-இல் அமெரிக்காவின் நாசா கோடார்டு விண்வெளி மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்டு பெக்கர் ஆகியோர் கடையில் விற்கும் 486 வகைக் கணினிகள் 16-ஐ வலைப்பின்னலால் இணைத்து ‘பெயோவுல்ஃப்’ என்று பெயரிட்டார்கள். பத்தாண்டு கழித்து, 2004-இல், சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் 144 கணினிகளை இணைத்து அமைத்த ‘கப்ரு’ உலகின் அதிவேகக் கணினிகள் 500-இன் பட்டியலில் இடம் பிடித்தது. பெருந்தரவுப் பகுப்பாய்வுக்கு இதே வழி வந்து சேர்ந்தது கூகுள் பொறியாளர்கள் 2003-லும் 2004-லும் வெளியிட்ட இரண்டு ஆய்வுக் கட்டுரைகளால். அவற்றைப் படித்து, டக் கட்டிங்கும் மைக் காஃபரெல்லாவும் உருவாக்கிய ஹடூப் 2006-இல் தனி மென்பொருளாக வெளிவந்தது. கட்டிங்கின் மகன் வைத்து விளையாடிய மஞ்சள் நிற யானைப் பொம்மையின் பெயர் அது. 2009-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாத்தேய் ஜஹாரியா தொடங்கிய ஸ்பார்க், தரவை டிஸ்க்குக்கும் நினைவகத்துக்கும் திரும்பத் திரும்ப அலைய விடாமல் நினைவகத்திலேயே வைத்துக் கணக்குப் போட வழி செய்தது. எங்கள் கல்லூரியில் நிறுவியது இவ்விரண்டையும்தான்.

2003-ஆம் ஆண்டுக் கட்டுரையின் அடிப்படை அனுமானம் ஒன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கான மலிவான கணினிகளைச் சேர்த்து வைத்தால் அவற்றில் ஏதாவது ஒன்று எப்போதும் பழுதாகிக்கொண்டே இருக்கும், ஆகவே பழுதை அன்றாட நிகழ்வாக எடுத்துக்கொண்டே மென்பொருளை எழுத வேண்டும் என்பது அது. இதனால்தான் ஹடூப் ஒவ்வொரு கோப்பையும் 128 மெகாபைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பிரதிகளை வெவ்வேறு கணினிகளில் வைக்கிறது. ஒரு கணினி விழுந்தால் மற்றவை வேலையைத் தொடர்கின்றன. விற்பனையாளர்கள் இந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ‘தானாகவே சமாளித்துக்கொள்ளும், சார்’ என்பது எங்களிடம் சொல்லப்பட்ட வாக்கியம். மென்பொருள் பழுதைத் தாங்கிக்கொள்ளும் என்பது உண்மை. பழுதான டிஸ்க்கைக் கழற்றிப் புதியதை மாட்டுவது அதன் வேலை இல்லை. ஒரே ஒரு சர்வர் உள்ள அலுவலகத்தில் சர்வர் நின்றால் அடுத்த நிமிடமே எல்லோரும் கூச்சலிடுவார்கள். கிளஸ்டரில் ஒரு கணினி நின்றாலும் வேலை நடந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் தெரியாது. இரண்டாவது நின்றாலும் கொஞ்சம் வேகம் குறைந்ததாகத்தான் தோன்றும். தினமும் அறிக்கையைத் திறந்து பார்க்க ஓர் ஆள் இல்லையென்றால் மூன்றாவது நிற்கும்போதுதான் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிய வரும்.

எங்களுக்கு அது ஒரு விஜயதசமிக்கு மறுநாள் தெரிய வந்தது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் ரேக்கைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, ‘இரண்டு நாளாவது ஓய்வெடுக்கட்டும்’ என்று எட்டுக் கணினிகளையும் நிர்வாகம் அணைக்கச் சொன்னது. பூஜையில் குறை ஒன்றும் இல்லை. மூன்று ஆண்டுகள் இடைவிடாமல் சுழன்ற டிஸ்க்குகளை நிறுத்தி ஆற விட்டால் அவற்றில் சில மீண்டும் சுழலாமல் போகலாம் என்பது இத்தொழிலில் இருப்பவர்கள் அனைவரும் அறிந்த அச்சம். நான் அதை எழுத்தில் சொல்லாமல் வாய்மொழியாகச் சொல்லி விட்டுவிட்டது என் தவறு. விடுமுறை முடிந்து மின்சாரம் கொடுத்தபோது மூன்று வெவ்வேறு கணினிகளில் தலா ஒரு டிஸ்க் எழவில்லை. தரவு வைத்திருக்கும் கணினிகள் மொத்தம் ஆறு, ஒவ்வொன்றிலும் நான்கு டிஸ்க்குகள். இருபத்து நான்கில் மூன்று போனால் பெரிய நட்டம் இல்லை என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் ஹடூப்பின் இயல்பான அமைப்பில், ஒரு கணினியில் ஒரு டிஸ்க் பழுதானாலும் அந்தக் கணினி முழுவதுமே தரவுப் பணியில் இருந்து விலகிவிடும். ஆக, மூன்று டிஸ்க்குகள் பழுதானதற்கு மூன்று கணினிகள் வராமல் போயின. எந்தத் துண்டுகளின் மூன்று பிரதிகளும் அந்த மூன்று கணினிகளிலேயே இருந்தனவோ அவை அனைத்தும் காணாமல் போனவை ஆயின. ஆறு கணினிகளில் மூன்றைத் தேர்ந்தெடுக்க இருபது வழிகள் உண்டு என்பதால், அது மொத்தத் துண்டுகளில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. ஆயிரத்தில் 999 துண்டுகளாவது இருப்பதாகக் கணக்கு வந்தால்தான், எந்தத் துண்டு எங்கே என்று கணக்கு வைத்திருக்கும் தலைமைக் கணினி எழுத அனுமதிக்கும். அதுவரை படிக்க மட்டுமே முடியும் நிலையில் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கும். அன்று அப்படித்தான் நின்றது.

தீர்வு ஒற்றை வரியில் இருந்தது. ‘ஒரு டிஸ்க் பழுதானாலும் மீதியை வைத்துக்கொண்டு தொடங்கு’ என்று அமைப்புக் கோப்பில் ஓர் எண்ணைப் பூஜ்யத்தில் இருந்து ஒன்றாக மாற்றியதும் மூன்று கணினிகளும் மீதமுள்ள டிஸ்க்குகளோடு எழுந்தன, இழப்பு சில நூறு கோப்புகளாகச் சுருங்கியது. அந்த எண்ணைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. மாற்று டிஸ்க்குகள் வர நான்கு மாதம் ஆயிற்று, ஏனென்றால் கையிருப்பில் ஒன்று கூட இல்லை, மூன்று விலைப்புள்ளிகள் பெற்று, கொள்முதல் குழு கூடி, நிதிப் பிரிவு ஒப்புதல் தந்தாக வேண்டியிருந்தது. அந்த நான்கு மாதமும் இன்னொரு டிஸ்க் போகக் கூடாதே என்று நான் வேண்டிக்கொள்ளாத தெய்வம் இல்லை. கிளஸ்டர் வாங்கும்போதே நூற்றுக்குப் பத்து என்ற கணக்கில் உதிரி டிஸ்க்குகளைச் சேர்த்து வாங்கியிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

நிறுவும் காலத்தில் செய்யும் சிறு தவறுகள் பின்னாளில் எப்படி வட்டியோடு திரும்பி வருகின்றன என்பதற்கும் எங்கள் அனுபவம் சான்று. டிஸ்க்குகளை ஒன்றாகப் பிணைத்து ஒரே பெரிய டிஸ்க்காகக் காட்டும் ரெய்டு என்ற ஏற்பாடு சாதாரண சர்வருக்கு மிகவும் நல்லது. ஆனால் மூன்று பிரதிகளை மென்பொருளே வைத்திருக்கும் ஹடூப்பின் தரவுக் கணினிகளில் அது இடத்தையும் வேகத்தையும் வீணடிக்கும். தலைமைக் கணினியில் மட்டும் அது வேண்டும். எங்கள் ஒப்பந்தப்புள்ளியை முந்தைய ஆண்டின் வேறொரு கொள்முதலில் இருந்து அப்படியே எடுத்து எழுதியிருந்ததால் எட்டுக் கணினிகளுக்கும் ரெய்டு கேட்டிருந்தார்கள். வந்த பிறகு ஆறு கணினிகளில் நான் அதைக் கலைக்க வேண்டியிருந்தது. இன்னொரு வேடிக்கை, கொள்ளளவு. ஆறு கணினிகளில் நான்கு நான்காக 4 டெராபைட் டிஸ்க்குகள், மொத்தம் 96 டெராபைட் என்று திறப்பு விழாப் பலகையில் பொறித்துவிட்டார்கள். மூன்று பிரதிகள் வைத்தால் அது 32 ஆகும். கணக்கு நடக்கும்போது உண்டாகும் தற்காலிகக் கோப்புகளுக்குக் கால் பங்கு இடம் விட்டால் 24 தான். பேராசிரியர்கள் பலகையைக் காட்டி ‘மீதி 72 எங்கே?’ என்று பல ஆண்டுகள் என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

கணினிகளின் பெயர்களும் முகவரிகளும் இரு திசையிலும் ஒத்துப்போக வேண்டும். அதாவது பெயரைக் கேட்டால் முகவரியும், முகவரியைக் கேட்டால் அதே பெயரும் கிடைக்க வேண்டும். நேரமும் எல்லாக் கணினிகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆள் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் என்ற ஏற்பாடு, இரு கணினிகளின் நேரத்துக்குள் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் யாரையும் உள்ளே விடாது. ஒரு நாள் காலை ஒரு கணினி மற்றவற்றோடு பேச மறுத்தது. வலைப்பின்னல் கேபிளை மாற்றினேன், சுவிட்ச்சின் வேறு துளையில் செருகினேன், மென்பொருளை மறுபடி நிறுவினேன். கடைசியில் பார்த்தால், மதர்போர்டில் உள்ள பொத்தான் அளவு பேட்டரி தீர்ந்துபோய், முந்தைய இரவு மின்சாரம் போய் வந்தபோது அந்தக் கணினி பல ஆண்டுகள் பின்னுக்குப் போயிருந்தது. நேரத்தைத் திருத்தும் சேவையும் தானாகத் தொடங்கும்படி அதில் அமைக்கப்படவில்லை. பெட்டிக் கடையில் கிடைக்கும் பேட்டரி அது.

தலைமைப் பொறுப்பு பற்றியும் சொல்ல வேண்டும். எந்தத் துண்டு எந்தக் கணினியில் இருக்கிறது என்ற பேரேட்டைத் தலைமைக் கணினி தன் நினைவகத்தில் வைத்திருக்கிறது. தொடக்க கால ஹடூப்பில் அது ஒன்றே ஒன்று. அது போனால் எல்லாம் போகும். இப்போது இரண்டு வைத்துக்கொள்ளலாம், ஒன்று பணியில், மற்றொன்று காத்திருப்பில். ஆனால் ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது. இடையில் கேபிள் துண்டிக்கப்பட்டு, ‘மற்றவர் இறந்துவிட்டார், இனி நானே தலைவர்’ என்று இரண்டுமே முடிவெடுத்து எழுதத் தொடங்கினால் பேரேடு பாழாகும். இதைத் தடுக்கத்தான் யார் தலைவர் என்பதைப் பெரும்பான்மை வாக்கால் தீர்மானிக்கும் ஜூகீப்பர் என்ற மென்பொருளை ஒற்றைப்படை எண்ணிக்கையிலான கணினிகளில் நிறுவுகிறோம். இரண்டு வைத்தால் ஒன்று விழுந்ததும் பெரும்பான்மை போய்விடும். மூன்று வைத்தால் ஒன்று விழலாம். நான்கு வைத்தாலும் ஒன்றுதான் விழலாம் என்பதால் நான்காவது வீண். எங்கள் நிர்வாகத்தில் ஒருவர் செலவைக் குறைக்க மூன்றாவதை எடுத்துவிடலாமே என்று கேட்டார். ஊர்க்கூட்டத்தில் இரண்டு பேர் மட்டும் இருந்து அவர்களுக்குள் கருத்து வேறுபட்டால் தீர்ப்பு யார் சொல்வது என்று கேட்டேன், விட்டுவிட்டார்.

மின்சாரத்துக்கு வருகிறேன். தங்கள் நாளிதழில் நான் நாள்தோறும் முதலில் படித்தது தலையங்கத்தை அன்று என்பதை மன்னிக்க வேண்டும். உள்ளூர்ப் பக்கத்தில் வரும் மின்தடை அறிவிப்பைத்தான். துணை மின் நிலையத்தில் மாதாந்தரப் பராமரிப்புப் பணிக்காகக் காலையில் இருந்து மாலை வரை மின்விநியோகம் இருக்காது என்று அதில் எங்கள் பகுதியின் பெயர் வந்தால், முதல் நாள் மாலையே ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜெனரேட்டர் எழும் வரை இடைவெளியைத் தாங்குவது யுபிஎஸ். அதில் உள்ள பேட்டரிகளின் ஆயுள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். நம் ஊர் வெயிலில் மூன்றுக்கு அருகில் என்றே வைத்துக்கொள்ளலாம். புதிதாக இருந்தபோது அரை மணி நேரம் தாங்கிய எங்கள் யுபிஎஸ் நான்காம் ஆண்டில் நான்கு நிமிடம் தாங்கியது. அதுவும் ஒரு மழை இரவில் அது அணைந்த பிறகுதான் தெரிந்தது, ஏனென்றால் அதன் முகப்பில் விளக்கு கடைசி வரை பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது. ஏ.சி. பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வேண்டும், தண்ணீர் வெளியேறும் குழாய் ரேக்கின் மேல் வரக் கூடாது.

மூன்று பிரதிகள் இருக்கும்போது காப்புப் பிரதி எதற்கு என்ற கேள்விதான் நான் மிக அதிக முறை பதில் சொன்ன கேள்வி. மூன்று பிரதிகளும் டிஸ்க் பழுதில் இருந்து காப்பாற்றும், மனிதனின் கையில் இருந்து காப்பாற்றா. மாணவர் ஒருவர் தன் தேர்வுக் கணக்குக்கான பழைய கோப்புகளை நீக்குவதாக நினைத்து, குப்பைத் தொட்டிக்கும் போகாமல் நேரே அழிக்கும் கட்டளையை ஒரு மேல் அடைவில் (கோப்புகளை அடக்கிய ஃபோல்டரில்) கொடுத்துவிட்டார். மூன்று பிரதிகளும் ஒரே ஒழுங்கோடு, ஒரு சில நிமிடங்களில் அழிந்தன. அம்மாணவருக்கு அந்த அடைவில் எழுதும் உரிமை இருந்திருக்கவே கூடாது. ஆகவே இதிலும் பாதிக் குற்றம் என்னுடையது. அதற்குப் பிறகுதான் ரேக்குக்கு வெளியே, வேறு கட்டடத்தில், ஒரு பழைய கணினியில் நாள்தோறும் காப்புப் பிரதி எடுக்கத் தொடங்கினோம்.

காப்புப் பிரதி எடுப்பது ஒரு வேலை, எடுத்ததைத் திரும்ப ஏற்றிப் பார்ப்பது இன்னொரு வேலை. இதற்கு உலகறிந்த சான்று 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்துக்கு நேர்ந்தது. அதை அவர்களே ஒளிவுமறைவின்றி எழுதி வெளியிட்டார்கள். நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் ஒரு பொறியாளர் துணைத் தரவுத்தளக் கணினியில் கொடுப்பதாக நினைத்து அழிக்கும் கட்டளையை முதன்மைக் கணினியில் கொடுத்தார். சுதாரித்து நிறுத்துவதற்குள் ஏறக்குறைய 300 ஜிகாபைட் தரவு போயிற்று. பல வகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தும் வேண்டிய நேரத்தில் அவை கைகொடுக்கவில்லை. அன்றாடக் காப்புப் பிரதி எடுக்கும் நிரல் தரவுத்தளத்தின் பதிப்போடு ஒத்துப்போகாமல் நெடுநாளாகத் தோல்வியடைந்து வந்திருந்தது. தோல்வி என்று எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் சேராமல் நிராகரிக்கப்பட்டு வந்திருந்தன. வேறொரு காரணத்துக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. கணினியே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், ஆய்வக உதவியாளரைச் சர்வர் அறைக்கும் சேர்த்துப் பொறுப்பாக்கும் ஒரு கல்லூரியின் நிலையை நான் சொல்லத் தேவையில்லை. எச்சரிக்கை மின்னஞ்சல் வரவில்லை என்பதை நலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, ‘இன்றைய காப்புப் பிரதி முடிந்தது’ என்ற செய்தி காலை ஏழு மணிக்கு என் கைபேசிக்கு வர வேண்டும், வராவிட்டால் பழுது என்று மாற்றி அமைத்தேன். ஆண்டுக்கு இரண்டு முறை, பருவத் தேர்வு விடுமுறையில், காப்புப் பிரதியில் இருந்து ஓர் அடைவை முழுமையாக மீட்டு எடுத்துப் பார்ப்பதை வழக்கமாக்கினேன். முதல் ஒத்திகையில் மீட்க முடியவில்லை. அதற்காகத்தானே ஒத்திகை.

இலவச மென்பொருள்தானே, செலவு என்ன என்று கேட்பவர்களுக்கு நான் மூன்று நிகழ்வுகளைச் சொல்வேன். நாங்கள் பயன்படுத்திய இயங்குதளம் சென்ட்ஓஎஸ். 2020 டிசம்பரில் அதன் எட்டாம் பதிப்பின் ஆதரவை, அதாவது பிழைத்திருத்தங்கள் வெளியிடுவதை, அடுத்த ஆண்டு இறுதியோடு முடித்துக்கொள்வதாக அறிவித்தார்கள். எங்களிடம் இருந்த ஏழாம் பதிப்புக்கும் 2024 ஜூன் 30-உடன் ஆதரவு முடிந்தது. ஹடூப்பை எளிதாக நிறுவ உதவிய கிளவுடெரா நிறுவனம், இலவசமாகத் தந்துவந்த தொகுப்புகளை 2021-இன் தொடக்கத்தில் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று மாற்றியது. அதே ஆண்டு டிசம்பரில், ஜாவா மென்பொருள்கள் பலவற்றில் பதிவேடு எழுதப் பயன்படும் லாக்4ஜே என்ற சிறு நூலகத்தில் (பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுப்பில்), வெளியில் இருந்து ஒரு வரி அனுப்பியே சர்வரைக் கைப்பற்றிவிடக் கூடிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. கடுமை பத்துக்குப் பத்து என்று மதிப்பிட்டார்கள். உலகெங்கும் சர்வர் பராமரிப்பாளர்கள் அந்த வாரக் கடைசியில் உறங்கவில்லை. எட்டுக் கணினிகளிலும் அந்த நூலகம் எந்தெந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று தேடித் தேடி நீக்க எனக்கு ஐந்து நாள் பிடித்தது. இவற்றில் எதையும் ஒப்பந்தப்புள்ளி எழுதும்போது முன்கூட்டியே அறிந்திருக்க முடியாது. இப்படி ஏதோ ஒன்று வரும், அன்று வேலை செய்ய ஆள் வேண்டும் என்பதை மட்டும் அறிந்திருக்கலாம்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஹடூப் நிறுவியபடியே விட்டால், ‘நான்தான் நிர்வாகி’ என்று சொல்லி வருகிற எவரையும் நம்பிவிடும். 2017-இன் தொடக்கத்தில் கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த மோங்கோடிபி, எலாஸ்டிக்சர்ச் தரவுத்தளங்களை இணையத் திருடர்கள் ஆயிரக்கணக்கில் அழித்து மீட்புப் பணம் கேட்டார்கள். பிறகு அதே கை திறந்து கிடந்த ஹடூப் கிளஸ்டர்களுக்கும் நீண்டது. சர்வர் அறைக்கு மூன்று பூட்டு போடும் நிறுவனங்கள், மாணவர் விடுதியின் வைஃபையும் கிளஸ்டரும் ஒரே வலைப்பின்னலில் இருப்பதைக் கவனிப்பதில்லை.

வேகம் போதவில்லை, இன்னும் இரண்டு கணினி வாங்கலாமா என்று கேட்டு வரும்போதும் உடனே தலையாட்டக் கூடாது. தமிழ்நாடு முழுவதுக்குமான ஒரு தரவை மாவட்ட வாரியாகப் பிரித்துக் கணக்கிடும் வேலை ஒன்று எங்களிடம் மணிக்கணக்கில் ஓடியது. பார்த்தால், 38 மாவட்டங்களில் மற்றவை சில நிமிடங்களில் முடிந்துவிட, சென்னையின் பங்கு மட்டும் ஒரே கணினியில் மலை போலக் குவிந்து, அது ஒன்று மூச்சுத் திணறிக்கொண்டிருக்க மற்ற ஐந்தும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. பத்துக் கணினி வாங்கினாலும் சென்னையின் பங்கு ஒரு கணினிக்குத்தான் போயிருக்கும். அந்தப் பங்கை வட்டம் வாரியாக உடைத்து அனுப்பும்படி நிரலில் நான்கு வரி மாற்றியதும் வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது. அதுபோலவே, லட்சக்கணக்கான சின்னஞ்சிறு கோப்புகளைக் கொண்டுவந்து கொட்டுவதும் கெடுதல். கோப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் தலைமைக் கணினியின் பேரேட்டில் அதற்கு ஒரு வரி வேண்டும். ஒரு கோடிக் கோப்பு இருந்தால் பேரேட்டுக்கு மட்டும் ஏறக்குறைய 3 ஜிகாபைட் நினைவகம் போகும். நிமிடத்துக்கு ஒரு கோப்பாக மீட்டர் பதிவுகளைச் சேமித்து வந்த ஓர் ஆய்வுக் குழுவிடம், நாளுக்கு ஒன்றாகச் சேர்த்துத் தாருங்கள் என்று கேட்டு வாங்க எனக்கு ஓராண்டு ஆயிற்று. இயந்திரத்தைப் பழக்குவதைவிட மனிதரைப் பழக்குவதுதான் இவ்வேலையின் பெரும்பகுதி.

இப்போது சொல்லத் தயங்கிக்கொண்டிருந்ததைச் சொல்லிவிடுகிறேன். எட்டு ஆண்டுகளில் எங்கள் கிளஸ்டரில் ஒரு தனிக் கணக்குக்குப் பயன்பட்ட தரவின் அளவு 400 ஜிகாபைட்டைத் தாண்டியதில்லை. 512 ஜிகாபைட் நினைவகம் கொண்ட ஒரே ஒரு பெரிய சர்வர், அதற்குத் துணையாகக் காப்புப் பிரதிக்கு இன்னொன்று, இவ்விரண்டும் எங்கள் தேவைக்குப் போதுமானதாக இருந்திருக்கும்; பராமரிப்பும் நாலில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். கிளஸ்டர் எப்படி இயங்குகிறது என்று மாணவருக்குக் கற்பிக்க, அந்த ஒரே சர்வருக்குள் மென்பொருளாலேயே ஆன ஆறு மெய்நிகர் கணினிகளை உருவாக்கிக் காட்டினால் போதும். உண்மையிலேயே பல டெராபைட் தரவை நாள்தோறும் கையாளும் துறைகளுக்குக் கிளஸ்டர் வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. தரவின் அளவை ஒரு முறையாவது அளந்து பார்த்துவிட்டு அவர்கள் அந்த முடிவுக்கு வந்தார்களா என்பதில்தான் ஐயம்.

எனவே, கிளஸ்டர் வாங்கும் ஒவ்வொரு ஒப்பந்தப்புள்ளியிலும் கணினிகளின் விவரத்துக்கு இணையான நீளத்தில் பராமரிப்பின் விவரமும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பராமரிப்புக்கு என்றே ஒரு பணியிடம், அவர் விடுப்பில் போனால் பார்க்கப் பயிற்சி பெற்ற இன்னொருவர், உத்தரவாதக் காலம் முடிந்த பிறகும் குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், உதிரி டிஸ்க்குகளும் யுபிஎஸ் பேட்டரிகளும் வாங்க விலைப்புள்ளிக் குழுவின் வாசலில் நிற்க வேண்டாத ஒரு சிறு கைச்செலவுத் தொகை ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நிறுவித் தரும் நிறுவனத்துக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், அவர்கள் முன்னிலையிலேயே ஒரு கணினியின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பத்தரை நிமிடம் கழித்து அது இறந்ததாகத் தலைமைக் கணினி அறிவித்துப் பிரதிகளை மறுபடி உருவாக்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுக்க வேண்டும். காப்புப் பிரதியில் இருந்து மீட்டெடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். திறப்பு விழாவுக்கு வரும் விருந்தினரையே அந்தக் கம்பியைப் பிடுங்கச் சொல்லலாம் என்பது என் தனிப்பட்ட விருப்பம். ரிப்பன் வெட்டுவதைவிடப் படம் நன்றாக வரும்.

நான் ஓய்வு பெற்ற அன்று, எட்டு ஆண்டுகளாக எழுதி வந்த பராமரிப்புக் குறிப்பேட்டையும், எந்தக் கேபிள் எந்தத் துளைக்குப் போகிறது என்ற வரைபடத்தையும், கடவுச்சொற்கள் அடங்கிய முத்திரையிட்ட உறையையும் யாரிடம் ஒப்படைப்பது என்று அலுவலகத்தில் கேட்டேன். எனக்குப் பதிலாக ஆள் எடுப்பது பற்றி முடிவாகவில்லை என்றும், அதுவரை அவற்றைச் சர்வர் அறை மேசையின் இழுப்பறையிலேயே வைத்துவிட்டுச் சாவியை வாயிற்காவலரிடம் கொடுக்குமாறும் சொன்னார்கள். அப்படியே செய்துவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஓய்வு பெற்ற கணினி அமைப்பு நிர்வாகி,
ஈரோடு.